நீலகிரியில் சொகுசு கிராஸ்ஓவர் மைலேஜ் குறைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, வால்வோ எக்ஸ்சி40 போன்ற சின்ன சொகுசு கிராஸ்ஓவர்களை இப்போது டிஎன்-43 எண்ணோடு ஊட்டியிலும் குன்னூரிலும் அடிக்கடி பார்க்க முடிகிறது. அவற்றில் பல, கோவையிலோ பெங்களூரிலோ ஓடிவிட்டுச் செகண்ட் ஹேண்டில் மலை ஏறியவை. வாங்கியவர்களின் முதல் புகார் மைலேஜ்தான். கீழே லிட்டருக்கு 14, 15 கிமீ கொடுத்த வண்டி இங்கே 7 காட்டுகிறது என்றதும் சென்சார் மாற்று, பிளக் மாற்று, இன்ஜெக்டர் கழற்று என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வண்டிகளுக்கு ஒரு சென்சார் வாங்கினாலே பல ஆயிரம் போய்விடும்.

மலை கேட்கும் எரிபொருள் எவ்வளவு, வண்டி வீணாக்கும் எரிபொருள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு ஸ்பேரும் வாங்காதீர்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிரிப்பது கஷ்டம் இல்லை. கணக்கை ஒரு முறை போட்டுவிட்டால், பிறகு அறிகுறியைப் பார்த்தே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

முதலில் மலையின் பங்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் இருப்பது 1,900 மீட்டருக்கும் மேல். இந்த வகைக் கார்கள் ஏறக்குறைய 1,500 முதல் 1,700 கிலோ. நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் 1,900 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 36 மெகாஜூல் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் 10 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூலுக்குக் குறையாமல் ஆற்றல் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 10 மெகாஜூல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, உயரத்துக்கு மட்டுமே மூன்றரை லிட்டர்.

குன்னூர் வழியாகச் சுமார் 50 கிமீ தூரத்துக்கு டயர் உருள, வளைவில் பிரேக் போட்டு மறுபடி எடுக்க, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர என்று இன்னும் இரண்டு, இரண்டரை லிட்டர் சேரும். மொத்தம் 6 லிட்டர், மைலேஜ் 8-ஐ ஒட்டி. டீசலில் உயரத்துக்கான செலவு இரண்டரை லிட்டர் அளவில் முடிந்துவிடும். அதனால் டீசல்காரர்களுக்கு இந்த அதிர்ச்சி கொஞ்சம் குறைவு.

ஏற்றம் வழி முழுக்கச் சமமாக இல்லை என்பதையும் பாருங்கள். பெரும்பகுதி கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. குன்னூரே 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் அளந்தால் திரை 6, 7 காட்டும், வண்டிக்கு ஒன்றும் இல்லை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுவது 400 மீட்டர்தான், அங்கே எண் தானாகத் தேறும். கோத்தகிரி வழியில் போனாலும் குஞ்சப்பனைக்கு மேல் இதே கதைதான்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர்கள் முழுக்க மூடிவிடும், எரிபொருள் சொட்டுகூடப் போகாது. திரையில் 30, 40 என்று ஓடும். ஏறி இறங்கிய மொத்தத்தில் பெட்ரோல் வண்டி 12, 13 கொடுத்தால் அது நல்ல நிலையில்தான் இருக்கிறது.

எனவே அளப்பது இப்படி. மேட்டுப்பாளையத்தில் ஒரு பங்க்கில் டேங்க் ஃபுல் பண்ணுங்கள். குழாய் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், "ரவுண்ட் பண்ணிக்கலாம் சார்" என்று மேலே ஊற்ற விடாதீர்கள். டிரிப் மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். மலை ஏறி, வேலையை முடித்து, இறங்கி, அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிமீயை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான எண். திரையில் வரும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். மேலேயே குடியிருப்பவர்கள் அதே பங்க்கில் மூன்று டேங்க் ஓட்டிச் சராசரி பார்ப்பது நல்லது, ஒரே டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அறிகுறி: ஏறும்போது மட்டும் மோசம், மொத்தக் கணக்கில் பரவாயில்லை

இது பழுது அல்ல. ஓட்டும் விதத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

அதிகம் வீணாவது வளைவுக்கு வளைவு அழுத்தி மிதித்து, வளைவின் வாயில் வந்து பிரேக் போடுவதில். 40 கிமீ வேகத்திலிருந்து 15-க்குக் குறைத்து மறுபடி 40-க்கு வந்தால் ஒவ்வொரு தடவையும் 10 மில்லி பெட்ரோல் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் என்றால் அது பெரிய தொகை இல்லை. கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் பெயரில்லாத வளைவுகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். 30, 35-இல் சீராகப் போகிறவர் மிச்சம் பிடிப்பது அங்கேதான். இன்னொன்று, இந்த டர்போ பெட்ரோல் எஞ்சின்களை முழுக்க மிதித்து வைத்திருந்தால் வெப்பத்தைத் தணிக்க அவை கலவையில் கூடுதல் பெட்ரோலைச் சேர்க்கும். அது வேலைக்கு ஆகாமல் போகும் பெட்ரோல்.

கியர் விஷயம். எரிபொருள் சேமிக்கும் எக்கோ மோடில் கியர்பாக்ஸ் அவசரப்பட்டு மேல் கியருக்குப் போகும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், நீங்கள் மிதிப்பீர்கள், அது இரண்டு கியர் இறங்கிக் கத்தும், மறுபடி ஏறும். 2021 முதல் வந்த ஜிஎல்ஏ 200-இல் இருப்பது 1.3 லிட்டர் எஞ்சின், எக்ஸ்1 எஸ்டிரைவ்18ஐ-இல் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர். இப்படிப்பட்ட சின்ன எஞ்சின்களில் இந்த ஆட்டம் நன்றாகவே தெரியும். பர்லியாருக்கு மேலே மேனுவலில் இரண்டு அல்லது மூன்றாம் கியரைப் பிடித்து 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நிற்கும், செலவும் குறையும்.

சீசனில் வண்டி வரிசையில் நிற்கும்போது ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்கள் உண்டு. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் இதைச் செய்யவே கூடாது. கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடாகும், பெட்ரோலும் சும்மா எரியும். பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டைப் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் எரிபொருள் குடித்துக்கொண்டே இருக்கும், கியரில் விட்டால் அதுவும் கிடையாது. சேமிப்பு என்று நினைத்துச் செய்வது செலவு. அதோடு முழு எடையும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் இந்த மலைப் பாதைகளில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. சில கார்களில் எக்கோ மோடில் கால் எடுத்ததும் கியர்பாக்ஸ் தானே எஞ்சினைப் பிரித்துவிட்டு வண்டியை உருள விடும். சமவெளியில் அது நல்ல வசதி. இறக்கத்துக்கு வந்ததும் மோடை மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்சி40 போன்ற 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் (எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டாரும் பேட்டரியும் உள்ள வண்டி) வைத்திருப்பவர்கள், இறங்கும்போது பேட்டரி நிறைந்து அடுத்த ஏற்றத்துக்கு உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஊட்டியின் உயரத்தில் இருப்பது 10 யூனிட் ஆற்றல், அந்தச் சின்ன பேட்டரி தாங்குவதோ அரை யூனிட் அளவுதான். சீக்கிரமே நிறைந்துவிடும், மீதி எல்லாம் எஞ்சின் பிரேக்கிங்கிலும் டிஸ்க் சூட்டிலும் போகிறது. இதுவும் பழுது இல்லை.

அறிகுறி: மலையை விட்டு இறங்குவதே இல்லை, ஊருக்குள்ளேயே 6, 7

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

காலை எட்டரை மணி, வெளியே 8 டிகிரி. பிங்கர் போஸ்ட் பக்கம் வீட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மார்க்கெட் போய்த் திரும்பினால் மொத்தம் நான்கைந்து கிமீ. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே வண்டி வீட்டுக்கு வந்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவை கெட்டியாகவே போகும், எஞ்சின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் தடித்து இழுக்கும், ஐடில் 1,000-க்கு மேல் நிற்கும். அப்புறம் பத்து மணிக்கு ஒரு தரம், மதியம் ஒரு தரம், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. நல்ல வண்டிகூட இந்த ஓட்டத்தில் 6, 7-தான் கொடுக்கும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம் வண்டியை ஐடிலில் விட்டுச் சூடேற்றும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் 150 முதல் 200 மில்லி போய்விடும், எஞ்சினும் சரியாகச் சூடாகாது. அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு கிமீ மெல்ல ஓட்டுங்கள். ஜனவரி உறைபனிக் காலையிலும் அப்படித்தான். கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். அது பார்வைக்காக, மைலேஜுக்காக அல்ல. முடிந்தவரை வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடியுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம், எந்த ஸ்பேரை விடவும் அதிகம் மிச்சம் பிடித்துத் தரும்.

இதையெல்லாம் செய்தும் எண் நகரவில்லையா? அப்போது தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், கம்ப்யூட்டரும் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கீழே கோவை வெயிலில் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கும், ஊட்டிக் குளிரில் காட்டிக்கொடுத்துவிடும். அடையாளம், ஹீட்டரைப் போட்டு வெகுநேரம் ஆகியும் வெதுவெதுப்புக்கு மேல் காற்று சூடாக வராது. இந்தக் கார்கள் பலவற்றில் கூலன்ட் வெப்பமானியே இருக்காது. அதனால் ஒரு சாதாரண ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படிக்கும் சின்னக் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓரிரு ஆயிரத்துக்குள் கிடைக்கும். போனில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

பார்க்கும் இடம் முக்கியம். காலையில் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கும்போது பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். இறக்கத்தில் எரிபொருளே போகாதபோது எஞ்சின் எப்படிச் சூடாகும்? நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியிலும் அரவங்காடு வரை எண் ஏறாமல் நிற்கலாம். தொட்டபெட்டா சாலை மாதிரி ஏற்றத்தில் சில கிமீ ஓட்டிப் பாருங்கள். 90-ஐ ஒட்டி வந்து நின்றால் கவலை இல்லை. ஏற்றத்தில்கூட 75-ஐத் தாண்டவில்லை, அல்லது ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வருகிறது என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றலாம்.

கூடவே எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் குளிர்ந்த குறுகிய ஓட்டம் தொடர்ந்தால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா, முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? போன தடவையை விட அளவு கூடியிருக்கிறதே, நல்லது என்று விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப் போய் பேரிங்கைப் பாதுகாக்காது. ஊருக்குள்ளேயே ஓடும் மலை வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதே சரி, கையேட்டில் ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும். குச்சி இல்லாமல் திரையில் மட்டும் அளவு காட்டும் வண்டி என்றால் மாதம் ஒரு முறை அந்த அளவைக் குறித்து வையுங்கள்.

வண்டி நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை என்பதும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். எஞ்சின் சூடாகாத வரை அது வேலை செய்யாது, அது இயல்பு. நன்றாகச் சூடான பிறகும் சிக்னலில் எஞ்சின் அணையவில்லை என்றால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். மாற்றும்போது ஏஜிஎம் வகையே போட வேண்டும், புது பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்தால் சீக்கிரம் போய்விடும்.

அறிகுறி: டீசல் வண்டி, திடீரென மைலேஜ் சரிந்தது, அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது

புகை வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முயல்கிறது, முடிக்க விடாமல் நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசலை ஊற்றிப் புகைக் குழாயைச் சூடேற்றும். ஐடில் வழக்கத்தை விடக் கூடும், ஸ்டார்ட்-ஸ்டாப் நிற்கும், ஒரு காந்தல் வாடை வரும். பாதியில் அணைத்தால் அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஊட்டிக்குள்ளேயே ஓடும் டீசல் இப்படியே டீசலைக் குடித்துத் தீர்க்கும்.

வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டு என்பது. இங்கே நெடுஞ்சாலைக்கு எங்கே போவது? இறங்கும் பாதை உதவாது, எஞ்சினில் சுமை இல்லாததால் புகைக் குழாய் குளிர்ந்துவிடும். ஆனால் ஏறும் பாதை நல்ல மருந்து. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது கல்லாரிலிருந்து குன்னூர் வரை எஞ்சின் சுமையோடு ஓடுவதால் சுத்திகரிப்பு முடியத் தேவையான சூடு கிடைத்துவிடும். சாதாரணமாக மாதம் இரண்டு தரமாவது கீழே போய்வரும் வேலை இருந்தால் டீசல் வைத்திருங்கள். வீடும் கடையும் ஊருக்குள்ளேயே என்றால் பெட்ரோல்தான் பொருத்தம் என்பது என் கருத்து. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் தள்ளிப்போட்டால் வடிகட்டியை மாற்ற வேண்டி வரும், அது லட்சத்தைத் தொடும் செலவு.

அறிகுறி: உருண்டு போகாமல் பிடித்துப் பிடித்து நிற்கிறது

பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று பாருங்கள். ஜூனில் ஆரம்பித்து மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் இருக்கும் ஊரில் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பின்கள் துருவேறி இறுகுவது சகஜம். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இதைச் சோதிக்க மலை ஒரு நல்ல வசதி செய்து தருகிறது. இறங்கி வந்து தொட்டால் நான்கு சக்கரமும் கொதிக்கும், ஒன்றும் தெரியாது. ஏறும்போது பிரேக் மிகக் குறைவாகத்தான் வேலை செய்கிறது. ஆகவே சோதனையை ஏறியவுடன் செய்யுங்கள். கடைசி ஒரு கிமீ பிரேக்கே தொடாத மாதிரி வந்து, சமதளத்தில் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு ரிம்மின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் போதும். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கையைச் சுடும் சூட்டில் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. அந்தச் சக்கரத்தின் ரிம்மில் கறுப்புத் தூளும் மற்றவற்றை விட அதிகமாகப் படிந்திருக்கும். பின் சக்கரம் என்றால் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் முழுதாக விடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேலிப்பர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

அறிகுறி: டயர் மாற்றியதிலிருந்து, அல்லது காற்று விஷயத்தில் குழப்பம்

புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் குறைந்தது என்பார்கள். இரண்டு காரணம். ஆழமான புது பட்டன்கள் உருள அதிக சக்தி கேட்கும். அதோடு, தேய்ந்த டயரை விடப் புது டயரின் சுற்றளவு பெரிது, 5 மில்லிமீட்டர் தேய்மானத்துக்கே ஒன்றரை சதவீத வித்தியாசம் வரும். அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டரில் கிமீ குறைவாக ஏறும், வகுத்தால் மைலேஜ் குறைவு. தேய்ந்த டயரில் பார்த்த எண்தான் கொஞ்சம் ஊதிப்போனது.

காற்று விஷயத்தில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேலே வரவர வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மேட்டுப்பாளையத்தில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர் ஊட்டியில் கேஜில் சுமார் 3 கூட்டிக் காட்டும். ஆனால் இங்கே 20 டிகிரி குளிர் அதிகம் என்பதால் அதே 3 குறையவும் செய்யும். இரண்டும் கிட்டத்தட்ட சமன். பிரச்சினை எங்கே வருகிறது? ஏறி வந்தவுடன், டயர் இன்னும் சூடாக இருக்கும்போதே பஞ்சர் கடையில் பார்க்கிறார்கள். 37, 38 காட்டும். "காத்து அதிகம் சார்" என்று இறக்கிவிடுவார்கள். மறுநாள் விடியலில் 5 டிகிரியில் அந்த டயர் 28-இல் நிற்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், உருள்வதும் கனக்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். எந்த ஊரில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அந்த ஊரில், காலையில் முதல் ஓட்டத்துக்கு முன் பார்த்து, டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள்.

அலைன்மென்ட் பார்க்க உள்ளங்கை போதும். டயர் பட்டன்களின் மேல் கையை உள்ளிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் உறுத்தினால் டயர் இழுபட்டு ஓடுகிறது. முன் டயர்களின் வெளித்தோள் மட்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது கொண்டை ஊசி வளைவுகளின் வேலையாக இருக்கலாம். அதற்காக அலைன்மென்ட் மாற்றத் தேவை இல்லை, டயர்களை முன்பின் மாற்றிப் போட்டால் போதும்.

அறிகுறி: ஏற்றத்தில் இழுக்கவில்லை, சீறல் சத்தம், மைலேஜும் போச்சு

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட கால்பங்கு அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் என்றால் அதே அளவுக்குச் சக்தி போகும். இந்தக் கார்களில் டர்போ கூடுதலாகச் சுற்றி அதை ஈடுகட்டிவிடும். அதனால் "மலைன்னா இழுவை குறையும்" என்ற பழைய பேச்சை வைத்து இதை விட்டுவிடாதீர்கள். சமவெளியில் இருந்த பிக்கப் மேலே காணாமல் போனால் டர்போவின் வேலையில் ஏதோ தடை இருக்கிறது.

முதலில் ஏர் ஃபில்டர். மூடியைத் திறந்தால் தூசி மட்டுமல்ல, எலிக் கூடும் கிடைக்கலாம். குளிருக்கு எஞ்சினின் கதகதப்பைத் தேடி எலி ஏறுவது மலையில் தினசரி நடப்பது. பஞ்சு, காகிதத் துணுக்கு, கடித்த வயர் எல்லாம் பாருங்கள். அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகப் போகும் ரப்பர் குழாய்கள். மிதிக்கும்போது மட்டும் "உஸ்ஸ்" என்று சீறல் கேட்டால் ஏதோ ஒரு இணைப்பு கசிகிறது. அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். டீசலில் கூடவே கரும்புகை வரும். பல நேரம் ஒரு கிளாம்ப்பை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும்.

ஸ்கேனர் கையில் இருந்தால் பெட்ரோல் வண்டியில் நீண்டகால ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. பூஜ்யத்துக்கு இருபுறமும் 10-க்குள் என்றால் சரி. ஐடிலில் 10-க்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் எரிபொருள் வரத்தில் குறை. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால் இந்த எண்ணைக் காட்டி ஏன் என்று கேளுங்கள்.

அறிகுறி: எதுவும் தெரியவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது

பெட்ரோலே மாறியிருக்கிறது. 2025-இல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் இ20-இல் சுமார் 3 சதவீதம் குறையும், 15 கொடுத்த வண்டியில் அது அரை கிமீ. அதற்கு மேல் குறைந்திருந்தால் பெட்ரோலை மட்டும் குறை சொல்ல முடியாது. டேங்க் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால் என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

கூரையில் கட்டிய கேரியர், டிக்கியில் மறந்துபோன சாமான், ஆறு வருடமாக மாற்றாத ஸ்பார்க் பிளக், இவையும் உண்டு. ஏசியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இங்கே உள்ள குளிரில் ஏசி கம்ப்ரஸருக்கு வேலை குறைவு, செலவும் குறைவு. மூடுபனியில் கண்ணாடி வியர்க்கும்போது ஏசியும் ஹீட்டரும் சேர்த்தே போடுங்கள், காற்று உலர்ந்து கண்ணாடி தெளியும். அந்த நேரத்தில் மிச்சம் பார்க்க வேண்டாம்.

கோவைக்குக் கொண்டுபோகும் முன்

இந்த வண்டிகளின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குக் கோவைதான் போக வேண்டும். ஒரு நாளும் எரிபொருளும் போகும் என்பதால் கையோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: டேங்க் கணக்கில் வந்த மைலேஜ், எந்தப் பாதையில், கூலன்ட் வெப்பம் ஏற்றத்தில் எவ்வளவு, டிரிம் எண்கள், எந்த ரிம் சூடு, ஆயில் அளவு. "மைலேஜ் வரல" என்று மட்டும் சொன்னால், அவர்கள் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. அங்கே அது நார்மலாகத்தான் இருக்கும். கோளாறு குளிரிலும் ஏற்றத்திலும்தான் வருகிறது என்று எழுதிக் கொடுத்து, ஜாப் கார்டில் அப்படியே பதியச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் தாள் எழுதிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஏற்றத்தில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னி, வண்டி உதறினால் ஒரு சிலிண்டர் எரியாமல் இருக்கிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அது உருகிவிடும். அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, டோ வண்டிக்குப் போன் பண்ணுங்கள்.